ஆமைக்குன்றத்தைச் சுற்றிய மஞ்சள் வண்டி

ஆமைக்குன்றத்து மலையைச் சுற்றிப் போகும் வலப்பாதையின் மேற்கு வளைவில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் முற்பகலில், கோயம்புத்தூர்த் தமயந்தியின் மாம்பழ மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காருடைய ஆக்சிலேட்டர் மிதித்தது மிதித்தபடியே ஒட்டிக்கொண்டது. அது ஒட்டிக்கொண்ட அதே நொடியில், பக்கத்து இருக்கையில் இருந்த அபரஞ்சியம்மாள், "கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிக்கலை, ஆனா அதுக்கு முன்னாடி இந்த வண்டியை வித்துடணும்" என்ற வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தாள். இரண்டில் எது முந்தியது என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டு கட்சிக்கும் தனித்தனி டீக்கடைகளும் உண்டு.

அபரஞ்சியம்மாளைத் தமயந்தியின் மாமியார் என்று எழுதிவிட முடியாது, ஏனென்றால் மாமியார் ஆவதா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான் அவள் அந்த வண்டியிலேயே ஏறினாள். அவளுடைய ஒரே மகன் பரஞ்சோதி, உள்ளூர்க் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன், மொபெட்டில் போகிறவன், அதிலும் மாட்டுவண்டிக்கு வழிவிட்டுப் போகிறவன். பயிற்சி வகுப்பு ஒன்றுக்காகக் கோயம்புத்தூர் போன இடத்தில், பந்தயக் கார்களைப் பிரித்துப் பூட்டும் பட்டறையை அப்பாவோடு சேர்ந்து நடத்துகிற, பந்தயங்களில் தானும் ஓட்டுகிற தமயந்தியைப் பார்த்து, மெதுவாகத்தான் என்றாலும் திரும்பி வர முடியாத தூரத்துக்குக் காதலித்துவிட்டான். பெண் வீட்டில் சரி என்று சொல்லியாயிற்று. பிள்ளை வீட்டில் சரி என்கிற சொல் அபரஞ்சியம்மாளின் வசம் இருந்தது. அபரஞ்சியம்மாள் கூடத்து நாற்காலியின் வசம் இருந்தாள். அந்த நாற்காலியில் இருந்தபடியே அரிசி மில்லையும், மகனையும், தெருவில் பாதியையும் அவள் நிர்வாகம் செய்துவந்தாள்.

அன்று காலை வாசலில் வந்து நின்ற வண்டியை அவள் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டே சீட்டா?"

"ஆமாங்க அத்தை."

"நீ ஒண்ணு, இவன் ஒண்ணு."

"ஆமாங்க."

"அப்ப நான் பின்னாடி டிக்கியில வரணும்."

தமயந்தி எதையும் திருத்தாமல் விடத் தெரியாதவள். "டிக்கி முன்னாடிங்க அத்தை. பின்னாடி எஞ்சின் இருக்குது" என்றாள்.

பரஞ்சோதி அவசரமாகக் குறுக்கே புகுந்து, ஒரு சுற்று போய்வந்து அப்புறம் முடிவைச் சொல்லும்மா என்று கெஞ்சினான். பார்க்காமல் தீர்ப்புச் சொன்னாள் என்ற பேச்சு தனக்கு வரக்கூடாது என்பதில் கவனமுள்ள அபரஞ்சியம்மாள், தலைமுடியைப் புடவைத் தலைப்பால் இறுகக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரமே இருந்த அந்த இருக்கைக்குள் தன்னை இறக்கிக்கொண்டாள்.

தமயந்தி அந்த வண்டியை வாங்கியபோது அது வண்டியாக இல்லை. சூலூருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் கோழிகள் முட்டையிடுகிற இடமாக இருந்தது. கதவு ஓரிடத்திலும் கியர் பெட்டி வேறிடத்திலும் கிடந்ததைத் தேடிச் சேர்த்து, இல்லாத பாகங்களைத் தானே கடைந்து, அவளுடைய இருபதுகள் மொத்தமும் அதற்குள் போயிருந்தன. ஆகவே மேற்கு வளைவில் அந்த வாக்கியம் காதில் விழுந்தபோது, அவள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை, ஆனால் அவளுடைய வலது கால் ஏதோ சொன்னது என்பதும் உண்மை. பெடல் இறங்கியது. கால் மேலே வந்தது. பெடல் வரவில்லை.

தமயந்தி பதறவில்லை. ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பட்டறைக்கு வருகிற இளவட்டங்களுக்கு எல்லாம் பாடம் எடுத்தவள் அவள். கால் கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சிமெண்டில் பதித்தது போல் இருந்தது. கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். வண்டி நியூட்ரலிலும் மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்ற அதே வேகத்தில் போயிற்று. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தினாள். பிரேக், பெரியவர்கள் பேசும் இடத்தில் குழந்தை குறுக்கே பேசியது போல், கவனிக்கப்படாமல் போயிற்று. சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அணைந்த எஞ்சின் ஓடியது. கடைசியில், அந்த நிலையில் வரவே கூடாத சாவி உருவியதும் கையோடு வந்தது, அதை அபரஞ்சியம்மாளின் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் அபரஞ்சியம்மாள்.

"நிறுத்துறதுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் பண்ணியாச்சுங்க அத்தை. நீங்களே பாருங்க, சாவி உங்க கையில இருக்குது, வண்டி போயிட்டிருக்குது."

அபரஞ்சியம்மாள் சாவியைப் பார்த்தாள், ஓடுகிற சாலையைப் பார்த்தாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்திருந்தால் மணல் மூட்டையை அடுக்கியிருப்பார்கள், லாரியைக் குறுக்கே விட்டிருப்பார்கள், குறைந்தபட்சம் கூச்சலாவது போட்டிருப்பார்கள். ஆனால் ஆமைக்குன்றம் வேறு ஊர் இல்லை. மலையைச் சுமந்து களைத்த ஆமை ஒன்று இங்கே சற்று உட்கார்ந்ததாகவும், யுகத்துக்கு ஒரு அடி வீதம் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதாகவும் தலபுராணம் சொல்கிறது; அந்த வேகத்தையே அளவுகோலாகக் கொண்ட ஊரில் யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை, அரசுப் பேருந்து உட்பட. அதைவிட முக்கியமாக, மலையை வலம் வரத் தொடங்கியவரை நடுவில் நிறுத்துவது அங்கே பெரும் பாவம். செருப்பு அறுந்தாலும், மழை கொட்டினாலும், பெற்ற தகப்பனே எதிரில் வந்தாலும், நடப்பவர் நிற்க மாட்டார், எதிரே வருபவர் நிறுத்த மாட்டார். எனவே, மலையை வலப்பக்கம் வைத்து, முறைப்படி, ஒரு மஞ்சள் வண்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சுற்றி வந்தபோது, ஆமைக்குன்றத்து மக்கள் அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார்கள்: வழியை விட்டு ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வண்டி நிக்கலீங்க, யாராச்சும் ஏதாச்சும் பண்ணுங்க" என்று தமயந்தி டீக்கடைக் கன்னியப்பனைத் தாண்டும்போது கத்தினாள்.

"நிக்கக் கூடாதும்மா" என்று கன்னியப்பன் பாலாற்றிய கையோடு திருப்பிக் கத்தினான். "என்ன ஆனாலும் நிக்கவே கூடாது, தைரியமா போ."

அடுத்த சுற்றில் சாலையில் மஞ்சள் நீர் தெளித்திருந்தது. அதற்கடுத்த சுற்றில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. மாலைக்குள் தண்ணீர்ப் பந்தல் ஒன்று முளைத்துவிட்டது. எத்தனை சுற்று வேண்டுதல் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று யாரும் கேட்கவில்லை. பரஞ்சோதிக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவன் மொபெட்டை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் வர முயன்றான். அவர்கள் அவனைப் பின்னாலிருந்து வந்து இரண்டு முறை தாண்டிப் போனார்கள்.

வண்டி நின்றுவிடும் என்று எல்லாரையும்விட உறுதியாக நம்பியவர்கள் பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்கள். டாங்கியின் கொள்ளளவையும் வண்டியின் வேகத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பெட்ரோல் தீரும் என்று கணக்குப் போட்டு, மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது, பெட்ரோல் தீரவில்லை. முள் முக்கால் டாங்கியிலேயே நின்றது. பேராசிரியர்கள் கணக்கில் தவறில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்ரோல் முள்ளுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் வண்டிக்குள் இருந்தவர்களின் உடம்புக்கும் பொருந்தியது. அவர்கள் ருசிக்காகச் சாப்பிட்டார்களே தவிரப் பசிக்காக இல்லை, சாப்பிட்டதன் மறுபாதி வேலைக்காக இறங்க வேண்டிய தேவையும் எழவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தவளுக்குத் தூக்கமும் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கதை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மற்றதெல்லாம் வழக்கப்படியே நடந்தது. மழை வந்தபோது நனைந்தார்கள். வெயில் அடித்தபோது காய்ந்தார்கள். மடக்குக் கூரையை இழுத்து மூடலாமா என்று தமயந்தி கேட்டபோது, மூடினால் ஊர் பேசுவது காதில் விழாது என்று அபரஞ்சியம்மாள் தடுத்துவிட்டாள்.

ஏனென்றால் முதல் வாரம் முடிவதற்குள் அவளுடைய நிர்வாகம் கூடத்திலிருந்து வண்டிக்கு மாறிவிட்டது. மில் மேஸ்திரி வடக்கு மூலையில் நின்று மூட்டைக் கணக்கைக் கத்துவார். அவள் அடுத்த சுற்றில் உத்தரவைக் கத்துவாள். வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு, மாமியார் மருமகள் தகராறு எல்லாம் வலப்பாதைக்கு வந்தன. வாதி ஆலமரத்தடியில் நிற்பார், பிரதிவாதி பள்ளிக்கூடத்து மதிலோரம் நிற்பார். வண்டி தாண்டுகிற ஒரு மூச்சு நேரத்துக்குள் சொல்ல முடிந்ததுதான் வழக்கு. வருஷக்கணக்கில் இழுத்த சண்டைகள் அரை நாளில் தீர்ந்தன. ஒரு மூச்சில் சொல்லிப் பார்த்தபோது பலருக்குத் தங்கள் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிட்டது.

கன்னியப்பன் மாங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் டீத் தூக்கை மாட்டி நீட்டக் கற்றுக்கொண்டான். முதல் நாள் டீ முழுக்க அபரஞ்சியம்மாளின் மடியில், மூன்றாம் நாள் பாதி டீ, பத்தாம் நாள் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வண்டி கிளப்புகிற காற்று ஒரே சீராக இருந்ததால் சாலையோரம் வடகமும் வேட்டியும் காயப்போட்டார்கள். பருப்பை ரெண்டு சுத்து வேகவிடு என்றும், வயித்துவலிக்காரனை ஒரு சுத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றும் பேச்சுவழக்கு மாறியது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து புதுமணத் தம்பதிகள் வந்து, வண்டி தாண்டும்போது ஒன்றாகக் கண்ணை மூடித் திறந்தால் ஒற்றுமை பெருகும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூடித் திறந்துவிட்டுப் போனார்கள்.

வலம் என்று இதை ஒப்புக்கொள்ளலாமா என்பதில் மட்டும் கோயிலில் சிக்கல் எழுந்தது. நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க் குடத்தோடு நடப்பது போல அத்தனை மெல்ல மலையை வலம் வர வேண்டும் என்பது விதி; மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிற கர்ப்பிணியை எந்த உரையாசிரியரும் கற்பனை செய்திருக்கவில்லை. சபேச குருக்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றுவது வண்டி, ஆகவே புண்ணியம் வண்டிக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அன்று மாலையே பின்பக்க மூடியில் சந்தனப் பொட்டு வைக்க ஒரு கூட்டம் ஓடிப் பார்த்துத் தோற்றது.

பௌர்ணமி வந்தபோது சிக்கல் போலீஸுக்குப் போயிற்று. பௌர்ணமியன்று வலப்பாதையில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. ஏட்டு சம்பங்கி தன் உத்தியோகத்தில் முதல்முறையாகச் சட்டத்தை உட்கார்ந்து யோசித்தார். வாகனம் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது, இது எங்கேயும் போகவில்லை, ஆகவே இது வாகனம் ஆகாது என்று அவர் மேலிடத்துக்குச் சொல்ல, மேலிடம் நிம்மதியாக ஒப்புக்கொண்டது. பல்லாயிரம் பேர் பாதை கொள்ளாமல் நடந்துகொண்டிருக்க, மஞ்சள் வண்டி அதே அறுபதில் அதற்குள் புகுந்தது. கூட்டம் சீப்பு பட்ட கூந்தல் போல வகிடு பிரிந்து வழிவிட்டு, வண்டிக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது. ஒருவர் மேல் ஒரு தூசி படவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தமயந்திக்கு மட்டும் அந்த இரவின் ஒவ்வொரு முகமும் பிறகு வெகுநாள் கனவில் வந்தது.

பரஞ்சோதியின் பாடுதான் விசித்திரம். வங்கிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் தெற்கு மூலையில் ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்துகொள்வான். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்தான் பேச முடியும். தமயந்தி ஒன்று சொல்லிவிட்டுப் போனால், அவள் திரும்பி வரும் வரைக்கும் பதிலை யோசிக்க அவனுக்கு நேரம் கிடைத்தது. இதனால் அவன் அதுவரை யாரிடமும் சொல்லாத அளவுக்கு நல்ல நல்ல வாக்கியங்களைச் சொன்னான். ஒருமுறை சண்டையும் வந்தது. "உங்கம்மா சொன்னதுக்கு நீங்க ஒரு வார்த்தை பேசலீங்களே" என்று அவள் கேட்டுவிட்டுப் போனாள். அவன் அந்தச் சுற்று முழுக்க யோசித்து, "பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே" என்றான். அடுத்த சுற்றில் தமயந்தி சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். அபரஞ்சியம்மாள்தான் எட்டிப் பார்த்து, "இதுக்காடா இவ்ளோ நேரம் யோசிச்சே" என்றாள்.

மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். வண்டியின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ஆகவே இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அபரஞ்சியம்மாளுக்கு மலையைப் பார்க்க வேண்டுமென்றால் தமயந்தியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆமைக்குன்றத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட அவள், மலையின் கிழக்கு முகத்தைத் தவிர மற்றதை நின்று பார்த்தவளில்லை. வலம் வந்த நாட்களில் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துத்தான் நடந்திருந்தாள்.

"ஏம்மா, இங்கேருந்து பாத்தா ஆமை மாதிரியே இல்லையே" என்றாள் ஒருநாள் மேற்கே போகும்போது. "கவுத்து வச்ச வாணலி மாதிரி இருக்கு."

"வடக்கால போகையில பாருங்க அத்தை, யாரோ முக்காடு போட்டு உக்காந்திருக்கிற மாதிரி தெரியும்."

"ஆமா. மில்லு மேஸ்திரி பொண்டாட்டி மாதிரி." அவள் வெகுநேரம் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலை பாரேன்."

மலையைப் பார்த்த கண்ணில் வழியில் இருந்த தமயந்தியும் விழுந்தாள். வளைவு வருவதற்கு முன்பே அவள் தோள் தளர்வதை, எதிரே ஆட்டு மந்தை வந்தால் அவள் உதட்டுக்குள் என்னவோ எண்ணுவதை, வண்டி சத்தம் மாறாமல் ஓடும்போது அவள் முகம் துவைத்த துணி போல விரிந்து கிடப்பதை அபரஞ்சியம்மாள் பார்த்தாள். என்ன எண்ணுகிறாய் என்று கேட்டாள். இது என்ன சத்தம், அது என்ன முள், இந்த மேட்டில் ஏன் முனகுகிறது என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் தமயந்தி பதில் சொன்னாள். விற்பதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. அந்த வாக்கியம் மேற்கு வளைவிலேயே கிடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் ஏறித்தான் போனார்கள். வண்டி ஓடுகிற வரைக்கும் அது வெறும் வாக்கியம், நின்றால் நிபந்தனை என்பது தமயந்திக்குத் தெரியும். அதனால் சீக்கிரம் நிற்க வேண்டும் என்று மற்றவர்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை, நிற்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. தெற்கு மூலையில் ஒருவன் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, கன்னியப்பன் கடை மேட்டில் ஏறும்போது, தமயந்தியின் காலுக்கடியில் பெடல் மூச்சுவிட்டது போல் மேலே வந்தது.

யாரும் எதுவும் செய்யவில்லை. பூசை இல்லை, நட்டைத் திருகவில்லை. தானாக ஒட்டியது தானாக விட்டது. வண்டி ஒரு நொடி தயங்கிற்று. தமயந்தி தன்னை அறியாமல் பெடலை மறுபடி அழுத்திக்கொண்டாள். வண்டி பழைய அறுபதுக்கு வந்தது. அபரஞ்சியம்மாள் தொரட்டியிலிருந்து டீத் தூக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் தமயந்தி முள்ளைப் பார்த்தாள். முக்காலில் இத்தனை நாளும் அசையாமல் நின்ற முள், முக்காலுக்கு ஒரு நூல் கீழே நின்றது.

இனி வண்டி எல்லா வண்டியையும் போல. காலை எடுத்தால் நிற்கும். எடுக்காவிட்டாலும் பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும். எடுப்பதா வேண்டாமா என்கிற கேள்வியோடு அவள் காலைப்பொழுது முழுக்க ஓட்டினாள். அது வரைக்கும் ஓட்டியதற்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை, ஆனால் அது வரைக்கும் ஓடியது வண்டி, இப்போது ஓடுவது அவளுடைய பொய். வழக்குகள் வந்தன, தீர்ந்தன. வடகம் காய்ந்தது. தெற்கு மூலையில் பரஞ்சோதி, "முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டான்; அவள் அடுத்த சுற்றில், "வெயிலுங்க" என்றாள். அன்று மேகமூட்டம். முள் பாதிக்கு வந்தது, பாதியைத் தாண்டியது, கால் டாங்கிக்குக் கீழே வந்தது. உச்சிவேளை தாண்டியதும் மேற்கு வளைவில், மலை வாணலியாகத் தெரிகிற இடத்தில், அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"அத்தை."

"ம்."

"பெடல் வந்துருச்சுங்க."

அபரஞ்சியம்மாள் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள். "காலையில கன்னியப்பன் மேட்டுல சத்தம் இறங்கி ஏறுச்சே. எனக்கென்ன காது இல்லையா."

"தெரிஞ்சிருந்தும் ஏனுங்க ஒண்ணும் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

தமயந்தி வளைவை ஒடித்து முடித்தாள். வளைவு முடிந்ததும் சொன்னாள். "நின்னா விக்கணுங்களே. இதை வித்துப்போட்டு உங்க ஊட்டுக்கு வந்தா, நான் நல்ல மருமகளா இருப்பனுங்க அத்தை, சொன்னதெல்லாம் கேப்பேன். ஆனா வந்தது நானா இருக்க மாட்டேன். யாரோ ஒருத்தி வந்து கேட்டுட்டிருப்பா. அவுங்க மைல்கல் மேல உக்காந்து காத்திருக்கிறது அவளுக்கு இல்லீங்களே."

இத்தனை நீளமாக அவள் அந்த வண்டிக்குள் பேசியதில்லை. அபரஞ்சியம்மாள் ஒரு மூச்சில் சொல்ல முடியாத வழக்கைக் கேட்டு நாளாகியிருந்தது. பள்ளிக்கூடத்து மதில் போயிற்று, ஆலமரம் போயிற்று. ஆலமரத்தடியில் யாரோ வாயைத் திறந்தார், அவள் கையை அமர்த்தி, அப்புறம் என்று சைகை காட்டினாள்.

"அந்த முள்ளு எங்கே நிக்குது?"

"கடைசிக் கோட்டுல."

"இன்னும் எவ்ளோ தூரம் போகும்?"

"ஒரு சுத்து போகலாம். பாதியிலயும் நிக்கலாம்."

"பாதியில நிக்கக் கூடாது" என்றாள் அபரஞ்சியம்மாள், ஊருக்கே உரிய குரலில். "கிழக்கே பங்க் வரும் பாரு, அங்க நிறுத்து."

தமயந்தி காலை எடுத்தாள். கிளட்ச், கியர், பிரேக் மூன்றும் சொன்னபடி கேட்டன. வண்டி பெட்ரோல் பங்குக்குள் திரும்பி, வந்த வேகமெல்லாம் எங்கே போயிற்று என்பது போல் மெல்ல உருண்டு, நின்றது. அபரஞ்சியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். தமயந்தி செருகி அணைத்தாள். எஞ்சின் நின்ற அமைதி முதலில் பங்க்கில் விழுந்து, அங்கிருந்து வலப்பாதை நெடுகப் பரவியது. கன்னியப்பன் ஆற்றிய டீயை ஆற்றியபடியே நின்றான், பருப்பு வேகவைத்தவர்கள் குழம்பினார்கள், வேட்டிகள் கொடியில் தொங்கி நின்றன, ஊர் மொத்தமும் பங்க்கை நோக்கி ஓடி வந்தது. ஆமைக்குன்றத்தார் ஓடியதை அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது. எல்லார் முகத்திலும் வேண்டுதல் நிறைவேறிவிட்டதே என்கிற வருத்தம் இருந்தது.

உடம்புக்கும் பழைய சட்டம் போய்ப் பொதுச் சட்டம் வந்துவிட்டதால், அபரஞ்சியம்மாள் முதலில் கதவைத் திறந்து இறங்கி, பங்க்குக்குப் பின்னால் இருந்த கழிப்பறையைப் பார்த்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, யார் கேட்டதற்கும் பதில் சொல்லாமல் போனாள்.

பரஞ்சோதி மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அத்தனை வாரம் சேர்த்துவைத்த நல்ல வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றான்.

"நிறுத்தினேனுங்க" என்றாள் தமயந்தி.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. பங்க்ல நிறுத்தச் சொன்னாங்க."

அவன் யோசித்தான். இந்தமுறை ஒரு சுற்று நேரமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. "வித்தா நானும் வீட்டுக்கு வரலைன்னு சொல்லிடறேன்" என்றான், "அவங்க வந்ததும் சொல்லிடறேன்." அவள் அவன் கையைப் பிடித்து கியர்க் குமிழின்மேல் வைத்தாள்.

அபரஞ்சியம்மாள் முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். வண்டியின் இடப்பக்கம் வந்து நின்றாள். பரஞ்சோதி தொண்டையைச் செருமினான்.

"அம்மா. இந்த வண்டியை விக்கிறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"எந்த வண்டியை?" என்றாள் அவள். "எழுந்திரு."

"அம்மா..."

"என் சீட்டுடா அது. எழுந்திரு."

அவன் எழுந்தான். அவள் ஒரு சாண் உயர இருக்கைக்குள் பழகிய லாவகத்தோடு இறங்கி, கால்களை நீட்டி, தலைப்பைத் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பங்க் ஆள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு போடுவது என்று கேட்கத் தைரியமில்லாமல் நின்றிருந்தான்.

"என்னை என்ன பாக்கறே? டாங்கியைப் பாத்து ரொப்பு" என்றாள் அவனிடம்.

"அப்ப நான் எங்கே உக்கார்றது?" என்றான் பரஞ்சோதி.

"முதல்ல தாலியைக் கட்டு, அப்புறம் கிழமையைப் பிரிச்சுக்கலாம். செவ்வாய் வெள்ளி உனக்கு, மத்த நாளு எனக்கு. அதுவும் மழை வந்தா எனக்கு." அவள் பங்க்குக்கு அப்பால், வலப்பாதையிலிருந்து பிரிந்து நேராகப் போகிற சாலையைக் கையால் காட்டினாள். "ஏம்மா, இது எங்கே போகுது?"

"நெடுஞ்சாலைக்குங்க அத்தை. அங்கிருந்து எங்க வேணாலும் போலாம்."

"வலம் முடிஞ்சுதா?" என்று கூட்டத்திலிருந்து குருக்கள் கேட்டார்.

"வண்டியைக் கேளுங்க சாமி. புண்ணியம் அதுக்குத்தானே" என்றாள் அபரஞ்சியம்மாள்.

தமயந்தி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பெடலை மெல்ல அழுத்திப் பார்த்தாள், காலை எடுத்துப் பார்த்தாள், போயிற்று, வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி எடுத்தாள். இனி தானாக எதுவும் ஓடாது, ஓட்டினால்தான் ஓடும் என்பதை அவள் கால் நம்ப மறுத்து, பெடலின்மேல் தயங்கி நின்றது. ஊர் சாலையின் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது.

"என்ன பொண்ணே யோசனை," என்றாள் அபரஞ்சியம்மாள், முன்னால் நீண்ட சாலையைப் பார்த்தபடி. "மிதி."